பவானியம்மாள் கை நனைத்த மதியம்

மஞ்சக்குப்பத்தில் யார் வீட்டுச் சம்பந்தப் பேச்சானாலும் கலியமூர்த்தி இல்லாமல் நடக்காது. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போகும் வேனில் முன்சீட் அவருக்குத்தான். பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் யாரும் கை நனைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பஜ்ஜி, கேசரி, காபி வரை பாதகமில்லை. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்க முடியாது.

இந்த ஞானம் அவருக்குச் சும்மா வரவில்லை. அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட வந்த தாய்மாமன், நண்டுக் குழம்பு வாசனை தாங்காமல் இலையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தையில் புஷ்பவள்ளி கலியமூர்த்தியின் மனைவியானாள். அதில் நஷ்டம் யாருக்கு என்று அவள் முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள். அவர்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஊருக்கெல்லாம் காவல் காத்தவருக்குச் சொந்த மகள் விஷயத்தில் அந்தச் சட்டமே எதிரியாகிவிட்டது. கனிமொழிக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. ஏழு குடும்பங்கள் வந்தன, பஜ்ஜி தின்றன, கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயின. ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. எட்டாவதும் கை நழுவினால் மனிதர் உடைந்தே போவார்.

எட்டாவது வரன் சிதம்பரம் அண்ணாமலை நகர் ஜெயப்பிரகாஷ். இனிமேல் வீட்டில் பஜ்ஜித் தட்டு ஏந்தி நிற்க முடியாது, செம்பியன் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கனிமொழி சொல்லிவிட்டாள். செம்பியன் கப்பலில் எட்டு வருஷம் இத்தாலிக்காரர்களுக்குச் சமைத்துவிட்டு வந்து, இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டு முன்னறையில் ஐந்து மேசை போட்டு இத்தாலிச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன். கலியமூர்த்தி அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் முந்தின நாளே தனியாகப் போய், அரிசியில் செய்வது ஏதாவது உண்டா என்று விசாரித்தார். ரிசோட்டோ என்று ஒன்று உண்டு, காளானும் சீஸும் போட்டுக் குழைய வேகவைத்தது என்றான் செம்பியன்.

"அப்ப அது சோறுதானே?"

"சோறுதான் மாமா."

"நாளைக்கு எல்லாருக்கும் அதையே வை. பேர மட்டும் சொல்லு. இன்னதுன்னு வாயத் தொறக்காத."

மறுநாள் சிதம்பரத்திலிருந்து மகனோடு பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தாள் மாப்பிள்ளையின் தாய் பவானியம்மாள். உட்கார்ந்ததுமே, முடிவாகாமல் கை நனைக்க மாட்டோம், டிபன் என்றால் ஆட்சேபணை இல்லை என்று அறிவித்தாள். இத்தாலியில் எல்லாமே டிபன்தான் என்றார் கலியமூர்த்தி. மேசைக்கடியில் புஷ்பவள்ளி அவர் காலை மிதித்தாள்.

மணி இரண்டாகியிருந்தது. பசி ருசி அறியாது. பொங்கல் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு வாய் ஸ்பூனால் சாப்பிட்ட பவானியம்மாள், ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே பிசைந்தாள். ஊறுகாய் கேட்டாள். செம்பியன் முகத்தில் ஒரு கணம் துக்கம் தெரிந்தது. ஆனாலும் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. தட்டு காலியாகி, அவள் கை கழுவிவிட்டு வந்து உட்காரும்வரை கலியமூர்த்தி மூச்சுவிடவில்லை.

"நீங்க சாப்புட்டது அரிசிச் சோறு, சம்பந்தியம்மா. கை நனைஞ்சிடுச்சு."

பவானியம்மாள் திகைத்து, பிறகு சிரித்தேவிட்டாள். பெண்ணை அவளுக்கும் பிடித்திருந்தது. நனைத்தது நனைத்ததுதான், வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். கலியமூர்த்திக்குக் கண் கலங்கியது. அதே மூச்சில் அவள், சிதம்பரத்திலிருந்து சிப்காட்டுக்குத் தினமும் எவள் பஸ் ஏறுவது, கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண் வேலையை விட்டுவிடட்டும் என்றாள். ஜெயப்பிரகாஷ் தாயைப் பார்த்துத் தலையாட்டினான். கலியமூர்த்தியும் பூம்பூம் மாடாக ஆட்டினார்.

கனிமொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. பிறகு அவள் பவானியம்மாள் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"நீங்க சாப்புட்டுட்டீங்க. நான் இன்னும் சாப்புடலைங்க. வீட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

கலியமூர்த்தி அப்போதுதான் மகளின் தட்டைப் பார்த்தார். ரிசோட்டோ வைத்தது வைத்தபடியே இருந்தது. ஏழு முறை தனக்குச் சொல்லப்பட்ட வார்த்தையைச் சொல்கிற பக்கத்தில் இன்று தான் உட்கார்ந்திருப்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

தாயும் மகனும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். அதுவரை தொடாமல் வைத்திருந்த தன் தட்டைப் புஷ்பவள்ளி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப சாப்புடலாம் கண்ணு," என்றாள் மகளிடம். "ஆறிடப் போவுது."