தூணடி மைக்

நேற்று ஒத்தக்கடையில் நண்பர் ஒருவரின் புது வீட்டுக் கூடத்தில் நின்று கைதட்டிப் பார்த்தேன். பழைய பழக்கம். எந்த அறைக்குள் போனாலும் ஒரு தட்டுத் தட்டி, எதிரொலி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேட்பேன். கொசுவா என்றார் நண்பர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். காயாத பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலும் பல வருடங்களுக்கு முன் ஒருநாள் இதே வாசனை.

அப்போது கோரிப்பாளையத்தில் மைக்செட் கடையில் வேலை. இரண்டு குடும்பங்கள் சமாதானம் பேசுவதைப் பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணும் பையனும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்தவர்கள், சாதி வேறு. பிற்பாடு யாரும் பேச்சை மாற்றக் கூடாதென்று பையனின் அண்ணன் செய்த ஏற்பாடு. "கை மைக்கக் குடுத்துறாத மாப்ள. நம்மாளு கையில மைக் வந்தா மேடப்பேச்சு ஆரம்பிச்சிருவான்" என்று சொல்லி அனுப்பினார் கடைக்கார அண்ணன். அதனால் ஜமுக்காளத்தின் நடுவே தரையோடு கிடக்கும் தட்டை மைக் ஒன்று. சுவரோரத்து வெற்றிலைக் கோஷ்டியின் பேச்சு விட்டுப்போகாமலிருக்கத் தூணடியில் இன்னொன்று. மின்விசிறியை நிறுத்தச் சொன்னதற்கு எல்லாருடைய வசவும் எனக்கே.

பேச்சு நல்லபடியாகவே போனது. பெண்ணின் தாய்மாமன் பையனின் தோளில் கைபோட்டு, மறுவீட்டு விருந்துக்கு இன்றே காரில் கிளம்பலாம் வாங்க மாப்ள என்றார். டீ வந்தது, கூட்டம் கலைந்தது. நான் சோம்பேறி, பதிவை நிறுத்தவில்லை. ஹெட்போனில் தூணடி மைக்கிலிருந்து அந்த மாமனின் குரல், தன் மகனிடம், மூச்சளவில்:

"கார்ல ஏறட்டும். நம்ம ஊருக்கு அவென் உசுரோட வந்து சேரக் கூடாது."

மின்விசிறி ஓடியிருந்தால் அதில் கரைந்திருக்கும்.

சத்தம் போட்டால் அங்கேயே வெட்டு விழும். பதிவை அந்தப் பேச்சு வரும் இடத்துக்குத் திருப்பி வைத்தேன். கருவியோடு பெண்ணிடம் போய், ஹெட்போனை நீட்டினேன். "தங்கச்சி, ஒங்க கொரல் சரியாப் பதிஞ்சிருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா."

கேட்டாள். முகம் அசையவில்லை, கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. கழற்றிக் கொடுத்தாள். "நல்லாக் கேக்குதுண்ணே." பிறகு மாமன் பக்கம் திரும்பி, "மொதல்ல எல்லாரும் சேந்து சாப்புட்டுருவோம் மாமா. அப்பறம் கெளம்புவோம்."

சமாதானம் பேசிய இடத்தில் சேர்ந்து உண்பதை யார் மறுக்க முடியும்? பந்தி உட்கார்ந்தது. பெண்ணும் பையனும் இலையை மூடிவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனார்கள். அங்கிருந்து நெடுஞ்சாலை கூப்பிடு தூரம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அவர்கள் திரும்பவில்லை. நான் வயரைச் சுருட்டினேன், அவிழ்த்தேன், திரும்பவும் சுருட்டினேன். திருச்சி பஸ் ஒன்று நின்று கிளம்பியது. மாமன் மகன் என் முன்னால் வந்து நின்றான். "ஹெட்போன்ல அவ என்னண்ணே கேட்டா?" அவங்க கொரலத்தான் தம்பி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பதிவைப் பையனின் அண்ணனிடம் சேர்த்துவிட்டேன். மண்டபம் சாலை விரிவாக்கத்தில் போயிற்று. எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர்கள் இருவரும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தாங்களாக மறைந்தார்களா, மறைக்கப்பட்டார்களா என்பதும்தான். பஸ்ஸில் அவள் சாயலில் யாரைப் பார்த்தாலும் அவள் பெயர் நாக்கு நுனிவரை வருகிறது. கூப்பிட மாட்டேன். பாருங்கள், அந்தப் பெயரை உங்களிடம்கூட இதுவரை நான் சொல்லவில்லை.