சேஷன் தேடிய கசிவு

சேஷன் யாரையும் நம்பமாட்டார். கிழக்கேகோட்டையில் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், கடைக்காரர் அதைத் திறந்து மூடும்வரை எதிரிலேயே நிற்பார். மனைவி விஜயலக்ஷ்மி சாம்பாரில் உப்புப் போட்டாயிற்று என்று சொன்னால், "ருசி பாத்துச் சொல்றயா, ஞாபகத்துல சொல்றயா?" என்று கேட்பார். அந்தப் புண்ணியவதி எப்படித்தான் குடித்தனம் நடத்தினாளோ! ஆனால் அவர் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் வேண்டியதுதான்.

கரமனைப் பக்கம், சோர்ந்துபோன இதயத்துக்குத் துடிப்புக் கொடுக்கும் பேஸ்மேக்கரை உள்ளூரிலேயே வடிவமைக்க முயன்ற ஒரு சின்னக் கூடம் அது. தொண்ணூற்றேழில் நான் அங்கே ஸ்டோரில் இருந்தேன். பேஸ்மேக்கரின் பேட்டரி சில வருஷங்களில் தீர்ந்துவிடும். அதற்காக இதயத்துக்குள் போயிருக்கும் கம்பியைப் பிடுங்க முடியாது. அது சதையோடு ஒட்டிப்போயிருக்கும். ஆகவே கம்பியை அப்படியே விட்டுவிட்டு, தோலுக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியை மட்டும் கழற்றி மாற்றுவதுதான் ஏற்பாடு. பெட்டியில் கம்பியின் முனையைச் செருகும் துளை சேஷனின் பொறுப்பு. அதற்குள் ஈரம் கசிந்தால் மின்சாரம் இதயத்துக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிவிடும். ஈரத்தைத் தடுக்கத் துளைக்குள் இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு.

அந்த வளையங்களைப் பொருத்த இசக்கிசெல்வி புதிதாக வந்தாள். தம்பானூரில் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்தவரின் மகள், பாலிடெக்னிக் முடித்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

நவராத்திரி முடிந்ததும் புதிய பெட்டிகள் மூன்றில் கம்பியைச் செருகி, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீர்த் தொட்டியில் போட்டார்கள். மூன்றும் கசிந்தன. அதற்கு முன் செய்தவை மாதக்கணக்கில் அதே தொட்டியில் கிடந்தும் கசிந்ததில்லை.

"முன்னாடி கசியலை, இப்போ கசியறது. நடுவுல என்ன மாறித்து?" என்றார் சேஷன்.

மாறியது இசக்கிசெல்வி. அதற்குமேல் அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அவள் நகத்தைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார், அவள் யாருக்கோ போன் பேசும் பூத்துக்கு வெளியே நின்றார். ஒரு சாயங்காலம் தம்பானூர் வரைக்கும் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாண்டில் அவள் ஒரு ஆளோடு சிரித்துப் பேசியதும், அவன் தோள்பையில் வெளிநாட்டுப் பேஸ்மேக்கர் விற்கும் கம்பெனியின் பெயர் இருந்ததும் கண்ணில் பட்டுவிட்டன. விசாரித்ததில் அவன் அவளுடைய அக்கா புருஷன். நம்முடைய பெட்டி கெட்டுப்போனால் யாருக்கு லாபம்? சேஷன் மறுநாள் காலையிலேயே எங்கள் தலைவர் சாம்பசிவனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கே அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியோடு கணக்கு முடியும் என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் என் எதிரில் உட்கார்ந்து ஸ்குரூ எண்ணினாள்.

"வளையம் சரியாட்டு தான் போட்டேன் சாரே. மச்சான் வேலைய நான் ஒளிச்சதும் இல்ல. இனி ஒரு இடத்திலயும் என்னைய எடுக்கமாட்டாவ, இல்லியா?"

சேஷனின் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. உலுக்கவில்லை. எல்லாரையும் போல நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தோடு விட்டாரா? அவள் நகம் வளையத்தில் கீறியதைக் கையும் களவுமாகக் காட்டவேண்டும் என்று ஒரு பெட்டியை அறுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். கீறல் இல்லை. வளையத்துக்கும் துளைச்சுவருக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ பொடி. "மூஞ்சிக்குப் பூசற பவுடர்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மோந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. அது சந்தனம்.

எங்கள் கூடத்தில் பூஜைவைப்பு தவறியதில்லை. அஷ்டமி சாயங்காலம் கருவிகளைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலைவரை தொடமாட்டோம். அந்த மூன்று பெட்டிகளையும் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் இட்டவர் சேஷன். பெட்டிக்கு நெற்றி மேல்பக்கம்தானே? துளையின் வாயும் அங்கேதான். விஜயதசமியன்று வெளியே துடைத்திருக்கிறார். வாயின் விளிம்பில் காய்ந்திருந்தது, கம்பி செருகும்போது உள்ளே போய்விட்டது. உலகத்தையே சந்தேகப்பட்ட மனுஷனுக்குத் தன் விரலைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

நேரே சாம்பசிவனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"தப்பு என்னோடது சார். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலை."

சாம்பசிவன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், நீர்தானே மச்சான், கம்பெனி, பைன்னு அடுக்கினீர்? இப்போ பாவம் பாத்துப் பழியைத் தலையில போட்டுக்கறீர். இல்லே, அந்தக் கம்பெனிக்காரா உமக்கு ஏதாவது கொடுத்தாளா?"

சிரிப்பு வரவேண்டிய இடம்தான், எனக்கு வரவில்லை. அவர் கட்டிய சந்தேகம் அவ்வளவு கெட்டியாக இருந்தது. அவரே உதைத்தாலும் அசையவில்லை.

"நம்பவேண்டாம் சார். நீங்களே பண்ணிப் பாருங்கோ" என்றார் கடைசியில். இசக்கிசெல்வி பொருத்தியதில், பூஜைக்கு வைக்காத இன்னும் இரண்டு பெட்டிகள் அலமாரியில் இருந்தன. ஒன்றில் சாம்பசிவனே சந்தனம் இட்டுக் காயவைத்துத் துடைத்தார். மற்றதை அப்படியே விட்டார். இரண்டிலும் கம்பியைச் செருகித் தொட்டியில் போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கச் சேஷன் சரியாகச் சாப்பிடவில்லை என்று விஜயலக்ஷ்மி பிறகு சொன்னாள்.

சந்தனம் இட்ட பெட்டி கசிந்தது. மற்றது கசியவில்லை. தான் வடிவமைத்த சாமான் கெட்டதற்காகச் சேஷன் கண்கலங்கி நன்றி சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

இசக்கிசெல்வி திரும்ப உள்ளே வந்த அன்று, சேஷன் ஒரு புதிய பெட்டியில் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"உன்னைப் பத்தி அபாண்டமா சொல்லிட்டேன் செல்வி. மன்னிச்சுக்கோ."

அவள் மேஜையருகே வந்தாள். "நீங்க செருகுனத இனி நான் ஒருக்கா எடுத்துப் பாக்கணும் சாரே" என்றாள்.

"பாரு."

அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கி, கம்பியை உருவி, துளையை லென்ஸின் கீழே பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திருப்பிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். சேஷன் கையைக் கட்டிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.