காவல்காரனின் முகம்

பல்லைக் கடித்து, மூக்கை விடைத்து, கண்ணாடியைப் பார்த்து ஓர் உறுமல் உறுமிவிட்டு, அக்கா சட்டென்று குனிந்து தாளில் நாலு கோடு இழுக்கிறார். மறுபடி நிமிர்ந்து இன்னோர் உறுமல். மேஜை விளிம்பில் சாய்த்து வைத்திருக்கும் அந்தக் கைக்கண்ணாடியில் மை தெறித்துத் தெறித்து இப்போது பாதி முகம்தான் தெரியும். அதுவே போதுமாம். "பூதத்துக்குப் பாதி மூஞ்சி போதும்ப்பா. மீதியைப் படிக்கிறவங்க பயத்துல போட்டுக்குவாங்க."

தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ராட்சசி அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டுதான் வரைய உட்காருவார். பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்து அதன் இடது தோள் கன்னங்கரேலென்று இருக்கும். அவர் வரைவது படக்கதை: மாயக்கோட்டை, பறக்கும் நாகம், வாளேந்திய சிறுமி. இத்தனை காலமும் பிறர் தொடங்கிய தொடர்களுக்குத்தான் வரைந்துகொடுத்தார். முதல் இதழிலிருந்தே அவர் கோட்டில் பிறக்கிற தொடர் இதுதான். பேச்சு பலூன்களுக்குள் வசனம் எழுதுவது என் வேலை. அதனால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைத்தவன் நான்.

கதாநாயகிக்கும் வில்லனுக்கும் முகம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வார். சில்லறைப் பாத்திரங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, கண்ணில் பட்டவர் மாட்டிக்கொள்வார். தண்ணீர் கேன் போடுகிறவர் மந்திரியாகிவிட்டார். மாடிவீட்டு அம்மாள் சூனியக்காரி. அவருக்கு இன்னும் தெரியாது. எனக்குக் கிடைத்தது ஒரு குள்ளப் பூதம். "கோவிச்சுக்காதே, உன் காது அதுக்குன்னே அமைஞ்சிருக்கு" என்றார். கோட்டை வாசல் காவல்காரனுக்குத் தன் கணவரின் முகத்தைக் கொடுத்தார்.

மாமா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அகன்ற மூக்கு, ஒரு பக்கம் மட்டும் ஏறிய புருவம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இதய வால்வு கெட்டுவிட்டது, அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து மாற்றப்போகிறார்கள். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, கதவுதான் சரியா மூடலையாம்" என்று விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் தன் தொழில் பாஷையில் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

கதாசிரியர் கதையைப் பக்கம் பக்கமாகத்தான் அனுப்புவார். அக்காவும் வந்தவரைக்கும் வரைந்து மையிட்டுவிடுவார். முழுக்கதையும் தெரியாமல், பழகினவர் முகத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. போன வாரம் கடைசிப் பக்கங்கள் வந்தன. காவல்காரன் நாகத்தை வாசலிலேயே மறித்து நிற்கிறான். சிறுமி தப்புகிறாள். அவன் சாகிறான். செத்த அவன் முகத்தோடு முதல் இதழ் முடிகிறது.

அக்கா அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. அச்சகத்துக்காரர் போன் போட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். முகத்தை மாற்றலாமென்றால் பாதி இதழில் அந்த மூக்கு இருக்கிறது. கதாசிரியர் நல்ல மனிதர். "காயத்தோட விட்டுடலாம்மா, பொழைச்சுட்டுப் போகட்டும்" என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் பொழைச்சா அந்தப் பொண்ணு வாளை எதுக்கு எடுக்கறா? கதையே படுத்துடும் சார்." சொல்லிவிட்டாரே தவிர, கை ஓடவில்லை. சகுனம் பார்க்கிறவர் இல்லை அவர். எனக்கே பயமாக இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

நேற்று மத்தியானம் மாமா அறைக்குள் வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டிருந்தது. மேஜைமேல் கிடந்த வெறும் பக்கத்தைப் பார்த்தார்.

"என்னாலதான் நிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க போய்ப் படுங்க."

"படுக்கத்தான் வந்தேன்" என்றவர், நாற்காலியைப் பிடித்து மெல்ல இறங்கித் தரையில் மல்லாந்தார். மூலையில் இருந்த ஒட்டடைக் குச்சியை ஈட்டியாகப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "பாத்து வரை. வேற எவன் மூக்கையாவது போட்டுத் தொலைக்காதே."

அக்கா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பேனாவை எடுத்தார். "வாயைக் கொஞ்சம் திறங்க" என்றார். "கையைத் தளர்த்துங்க." "சிரிக்காதீங்க." கோடு நடுங்கவில்லை. ஏறிய புருவத்தைத் தளர்த்தி வரையவேண்டி வந்தபோது மட்டும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அந்தக் கட்டத்துக்கு வசனம் கிடையாது. வேலை இருப்பதுபோல நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"முடிஞ்சுது. எழுந்திருங்க."

மாமா அசையவில்லை. விளையாடுகிறாரா, படுத்த அலுப்பில் தூங்கிப்போய்விட்டாரா, தெரியவில்லை. அக்கா பேனாவைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டார். கூப்பிடவில்லை, உலுக்கவில்லை. மை படிந்த விரலை அவர் மூக்கருகே கொண்டுபோய் வைத்தார். மூச்சு சூடாக வந்தது. வந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.