ஜோசப்பின் இரண்டாவது அப்பா

வெல்ஃபேர் ஆபீசர் என்றால் தொழிலாளிக்குக் கம்பெனியின் ஆள், கம்பெனிக்குத் தொழிலாளியின் ஆள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் வேலையே. ஓமான் நாட்டு சோஹாரில் ஒரு லேபர் கேம்ப்பில் இந்த நாற்காலியைத் தேய்க்கும் நான், வேறு கேம்ப்புகளில் தேய்க்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வராத கூட்டம்

கேம்ப்பில் உகாண்டா, கென்யாக்காரர்கள் நிறையப் பேர். ஒருவர்கூட என் ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. 'பிரச்சினையே இல்லாத பிள்ளைகள்' என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உறுத்தியது. கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற உகாண்டாக்காரர் சாமுவேலைக் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஹிந்தி பேசுறாங்க பாஸ். எங்க எல்லாருக்கும் ஒரே பேரு, காலியா, அதாவது கருப்பன். பேரு தெரியாதவங்ககிட்ட கஷ்டத்தை எப்படிச் சொல்றது?"

களி

மேலிடத்தோடு மல்லுக்கட்டி சாமுவேலை என் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினேன். அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தால் வார்னிங் என்றும் சொல்லிவிட்டேன். அவர் கொண்டுவந்த முதல் புகார் சாப்பாடு. தினமும் சோறும் பருப்பும் அவர்களுக்கு இறங்கவில்லை. மக்காச்சோள மாவில் கிண்டும் போஷோ வேண்டும். "ஆப்பிரிக்கா சமையலெல்லாம் நமக்கு வராது" என்று மெஸ் சமையல்காரர் அரியலூர் முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமுவேலே அடுப்படியில் இறங்கிக் கிண்டிக் காட்டினார். முருகேசன் ஒரு உருண்டையை வாயில் போட்டார். "அட, இது நம்ம களி சார்! இதுக்கா இவங்கள இம்புட்டு நாளு அரைப் பட்டினி போட்டோம்?"

ஒரு ஆளுக்கு எத்தனை அப்பா?

அதன் பிறகுதான் ஜோசப் வந்தான். உகாண்டாக்காரன், சாரம் கட்டும் வேலை. கண் சிவந்திருந்தது. அப்பா இறந்துவிட்டார், போக வேண்டும் என்றான். எச்.ஆர். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்தார். போன வருஷமே அப்பா சாவுக்கு லீவில் போயிருக்கிறான். "ஒரு ஆளுக்கு எத்தனை அப்பனுங்க? பொய் சொன்னா வேலை போயிடுமுங்க" என்றார். லீவில்லாமல் போனாலும் வேலை போகும்.

சாமுவேல் விளக்கினார்: "எங்க ஊர்ல அப்பாவோட தம்பியும் அப்பாதான். வளர்த்தவர் அவர். இவன் வராம அடக்கம் பண்ண மாட்டாங்க." ரூலில் அதற்கெல்லாம் இடமில்லை என்றார் மேனேஜர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், போன தை மாசம் நீங்க யாரோட காரியத்துக்கு ஊருக்குப் போனீங்க?" என்றேன். அவர் லீவு பாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எங்க பெரியப்பாவுக்குங்க" என்று சொல்லிவிட்டு லீவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஜோசப் போய், மண் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தான். விடாமல் நச்சரித்து ரூலையும் மாற்ற வைத்தோம்: பெரியப்பா, சித்தப்பா சாவுக்கும் லீவு உண்டு. நோட்டீஸ் ஒட்டிய அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு புதுக்கோட்டைக்காரர் என் மேஜைக்கு வந்தார். "எங்க சித்தப்பா செத்தப்ப லீவு கிடைக்காம ரூம்லயே கெடந்து அழுதேன் சார். அந்த ஜோசப்புக்கு எங்க எல்லாரு சார்பாவும் ஒரு நன்றி சொல்லிருங்க."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் செய்த பெரிய புரட்சி, ஒரு ஆளுக்கு ஒன்றுக்கு மேல் அப்பா இருக்கலாம் என்று ஒரு கம்பெனியை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்ததுதான்.