ரசத்துக்கு வைத்திருந்த மிளகு

அந்தச் சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்தில் அம்மா, அப்பா, நான் மூவரும் இருந்தோம். எனக்கு வழிகாட்டும் பேராசிரியை அன்று வரவில்லை. உறவில் ஒரு கல்யாணம். அதுவும் நல்லதுதான். அவர் இருந்திருந்தால் அம்மா வாயே திறந்திருக்கமாட்டாள்.

என் எம்.எஸ்ஸி. ஆய்வு மிளகைப் பற்றியது. சளி, இருமலுக்கு இடித்துப் போடுகிறோமே, அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஊதா நிறக் கரைசலில் மிளகுச் சாற்றை விட்டால், சத்து இருக்கும் அளவுக்கு ஊதா மஞ்சளாகும். திங்கட்கிழமை மஞ்சளைக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான் என்றிருந்தார் பேராசிரியை.

நாகலூரில் எங்கள் வீட்டைச் சுற்றி மிளகுக்கொடிதான். போனில் கேட்டதும் வந்து சேர்ந்தது வெள்ளை மிளகு. பழுத்த மிளகை ஊறவைத்து, கசக்கித் தோலெடுத்து, அம்மா பார்த்துப் பார்த்துக் காயவைத்தது. கறுப்பைவிட விலை அதிகம். காலேஜுக்குப் போகிற பொருள் ஆயிற்றே! சோதித்தேன். ஊதா லேசாக வெளிறியதோடு சரி. எனக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி தோலோடு போயிருந்தது.

விஷயத்தைச் சொல்லி, தோலோடு இருக்கும் கறுப்பு மிளகுதான் வேண்டும் என்றேன். விற்றது போக ரசத்துக்கு வைத்திருந்த கறுப்பு மிளகை டப்பாவோடு தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

பொடித்து ஆல்கஹாலில் ஊறப்போட்டேன். அப்பா மோந்து பார்த்தார்.

“ஏஞ்சாமி, மிளகைச் சாராயத்துல போடறதுக்கா இத்தனை படிப்பு?”

“நீங்க சும்மா இருங்க. அவனே பயந்து கெடக்கறான்” என்றாள் அம்மா.

வடிகட்டிய சாற்றை ஊதாவில் விட்டு, இருட்டில் இருக்க வேண்டும் என்பதால் அலமாரிக்குள் வைத்தேன். அம்மா கதவைவிட்டு நகரவில்லை.

“தொறக்கட்டுமா கண்ணு?”

“இன்னும் நேரமாகலைம்மா.”

“இந்நேரம் சோறே வெந்திருக்கும்.”

திறந்தபோது குழாயில் பளிச்சென்று மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்த வெள்ளை மிளகின் குழாயில் அதே வெளிறிய ஊதா.

“வெள்ளைய அனுப்புன மகராசி யாரு?” என்றார் அப்பா.

“வெலை கூடுனது நொம்ப நல்லதுன்னு நெனச்சேனுங்க. பொட்டணங் கட்டுனது நீங்கதானுங்களே!”

ஆய்வகம் அதிரச் சிரித்தோம். திங்கட்கிழமை பேராசிரியை இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு, கறுப்பையும் வெள்ளையையும் ஒப்பிட்டே எழுதச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் ஊர் திரும்பும் வழியில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி, அங்கிருந்த கடையில் அப்பா மிளகு பாக்கெட் கேட்டிருக்கிறார். “ஏனுங்க, மிளகு விக்கறவங்களே வாங்கறீங்க?” என்றாராம் கடைக்காரர்.

“எங்களுதைக் காலேஜு குடிச்சிருச்சுங்க.”

பஸ் சார்ஜையும் சேர்த்து அந்த மஞ்சளுக்கு அவர்களுக்கு ஆன செலவு இருநூற்று நாற்பது ரூபாய்.