தில்லைநாயகியின் மர்ம அலுமாரி

பேர்ண் நகரில் ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் வேலை செய்த தில்லைநாயகிக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் இன்னொரு உத்தியோகம் இருந்தது. தேவாலயம் ஒன்றின் நிலவறை மண்டபத்தைத் தமிழர்கள் கூடுவதற்கு விட்டிருந்தார்கள். அதன் மூலையில் நின்ற அலுமாரிதான் நூலகம். தில்லைநாயகி நூலகர். யாரும் நியமிக்கவில்லை, அலுமாரியின் பூட்டும் திறப்பும் அவரிடம் இருந்தன.

அது எண்பத்தேழாம் ஆண்டு. கணவர் யோகராஜாவுக்குத் தூரத்தில், எங்கடின் மலைப்பகுதியில் ஹோட்டல் வேலை. சீசன் முடிந்தால்தான் வீட்டுக்கு வருவார். தனியாக இருந்த தில்லைநாயகிக்கு, சென்னையிலிருந்து தங்கை அனுப்பும் மர்ம நாவல்கள்தான் துணை. வாசித்து முடித்ததும் அவை அலுமாரிக்கு வந்துவிடும்.

புத்தகத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார். முதலில் ஆளைப் பார்ப்பார். இரவு வேலைக்குப் போகிறவனுக்குப் பேய் பங்களாக் கதை கிடையாது. புதிதாகக் கலியாணமானவனுக்கென்றால், கணவனுக்கு நஞ்சு வைக்கும் மனைவியின் கதையைத் தேடி எடுப்பார். பிறகு கதையைச் சொல்லத் தொடங்குவார். பிணம் விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை வீட்டை போய் வாசி" என்பார். கேட்டவன் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு ஓடுவான்.

இந்த அருமையான ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி ஸ்ரீஸ்கந்தராஜா. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர், எல்லோரையும்விட வேகமாக வாசிக்கிறவர். வாசித்ததை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாதவர். யாராவது ட்ராமில் மர்ம நாவலோடு உட்கார்ந்திருந்தால் போதும், எட்டிப் பார்த்து, "உதோ? டொக்டர்தான் கொலைகாரன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த அலோசியஸ், ஒரே மாதத்தில் மூன்று நாவல்களை இப்படிப் பறிகொடுத்தான்.

"அக்கா, அந்தாளுக்குப் புத்தகம் குடாதேங்கோ" என்று அழாக்குறையாகச் சொன்னான்.

"குடுக்கத்தான் போறன். இல்லாத புத்தகமாப் பார்த்துக் குடுப்பம்" என்றார் தில்லைநாயகி.

அடுத்த சனிக்கிழமை புதிய நாவல் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பெயர் 'குகைக்குள் மறைந்த மணப்பெண்'. ஊட்டி மலை ரயில் ஒரு குகைக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது மணப்பெண் இருந்த இடத்தில் மாலை மட்டும் கிடக்கிறது. கணவரைப் பார்க்க எங்கடினுக்குப் போனபோது, ரயில் இருட்டுக்குள் புகுந்த ஒரு நிமிடத்தில் தில்லைநாயகிக்குத் தோன்றிய கற்பனை அது. மண்டபமே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

"புத்தகம் எங்கை?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"இரவலாய் வெளியில போயிட்டுது, அண்ணை."

அதற்கடுத்த கிழமையும் வெளியில்தான் இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டதாகச் சொல்லி, ஆளையாள் பார்த்துத் தலையாட்டினார்கள். "முடிவை மட்டும் நினைச்சே பார்க்கேலாது" என்று அலோசியஸ் நெஞ்சில் கை வைத்தான். ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் கறுத்தது.

மூன்றாவது கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"வாசிச்சிட்டன். ஓர்லிகோனில ஒரு பெடியனிட்ட இருந்தது."

"அப்பிடியோ அண்ணை?" தில்லைநாயகி முகத்தை அசைக்கவில்லை. "ஆர் செய்தது?"

"டிக்கெற் பரிசோதகர்! அந்தப் பிள்ளையைத் தனக்குக் கலியாணம் பேசிக் கேட்டும் குடுக்கேல்லையெண்ட கோபம். எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா எழுத்து முந்தி மாதிரி இல்லை, தங்கச்சி. நடுவில கொஞ்சம் இழுத்திட்டினம்."

அலோசியஸுக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. தொடர்ந்து மண்டபம் முழுவதும் சிரிப்பு.

"அண்ணை," என்றார் தில்லைநாயகி, "அந்தப் புத்தகத்தை இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை."

ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறிப் போனார். பிறகு இரண்டு சனிக்கிழமைகள் வரவில்லை. முதல் கிழமை தில்லைநாயகி நினைத்து நினைத்துச் சிரித்தார். இரண்டாவது கிழமை சிரிப்பு வரவில்லை. அவரில்லாமல் மண்டபம் சப்பென்று இருந்தது. டிக்கெற் பரிசோதகர் என்ற முடிவும் யோசிக்க யோசிக்க நன்றாகத்தான் இருந்தது.

தங்கையின் புதிய பார்சல் வந்ததும், மேலே இருந்த நாவலை எடுத்துக்கொண்டு உணவகத்தின் பின்கதவுக்குப் போனார். ஸ்ரீஸ்கந்தராஜா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"இது உண்மையாவே அச்சடிச்ச புத்தகம். தொட்டுப் பாருங்கோ, அண்ணை."

அவர் உண்மையாகவே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமேல் புதுப் புத்தகத்தை முதல்ல நீங்கள்தான் வாசிக்க வேணும். நல்லதோ இல்லையோ எண்டு சனங்களுக்குச் சொல்லுங்கோ. முடிவை மட்டும் சொல்லாதேங்கோ."

"சத்தியமா வாய் திறக்கமாட்டன், தங்கச்சி."

வாக்குத் தவறவில்லை. அடுத்த சனிக்கிழமை, "நல்ல கதை, எடுங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அலோசியஸ்தான் அவர் முன்னால் போய் நின்று, "டிரைவரோ? வக்கீலோ? மாமியாரோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டான். மாமியார் என்றதும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மீசை துடித்தது.

"மாமியார்தான்!" என்று மண்டபம் கத்தியது.

தில்லைநாயகி அவரைத் தோளில் பிடித்துத் திருப்பி, அலுமாரியைப் பார்த்தபடி நிற்க வைத்தார். அப்போதும் பயனில்லை. கொலைகாரனின் பெயரைச் சொன்னதும் காதுகள் சிவப்பதைப் பின்னால் நின்ற அலோசியஸ் கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா, நல்ல கோடையிலும் காதை மூடும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் புத்தகம் சிபாரிசு செய்ய வந்தார்.