இரண்டு வீட்டுக்கும் வேண்டாத பல்

என் கீழ்த்தாடையில் கடைசியாக முளைத்த கடைவாய்ப் பற்கள் இரண்டும் நிமிர்ந்து வராமல், பக்கத்துப் பல் மேல் சாய்ந்துகொண்டு பாதியில் நின்றுவிட்டன. அடிக்கடி ஈறு வீங்கும். இட்லித் துண்டு நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. அப்போது நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பிடுங்கிடலாம்மா" என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல கன்னம் வீங்கி உட்காரப் போறியா? கல்யாணம் முடியட்டும், அவங்க பார்த்துப்பாங்க." அப்பா கிராம்புத் தைலம் வாங்கி வந்தார். அதோடு அவர் கடமை தீர்ந்தது.

கல்யாணமாகித் தோ பாயோவில் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அங்கேயும் வீங்கியது. மாமியார் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது பழைய வியாதியாச்சே. உங்க வீட்டுலயே சரி பண்ணி அனுப்பியிருக்கணும் லா. உங்க அம்மாகிட்டச் சொல்லு." அம்மாவிடம் போனால், "கட்டிக் கொடுத்தாச்சு, இனிமே அவங்க பொறுப்பு." சீ என்று ஆகிவிட்டது எனக்கு. கணவரோ, "ரெண்டு பேரையும் பகைச்சுக்க முடியுமா? கொஞ்சம் பொறுத்துக்கயேன்" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடிப்பார். பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தனியாகவே பல் டாக்டரிடம் போனேன். சீனர். படம் எடுத்துப் பார்த்து மலாய் மொழியில் சொன்னார்: "அடியில நரம்பு ஓடுது. எடுத்தா உதடு மரத்துப் போகலாம். அநேகமா சரியாயிடும், சிலருக்கு ஆகாது. எடுக்காட்டி வீக்கம் வந்துகிட்டேதான் இருக்கும். நீங்கதான் சொல்லணும்."

நானா! இத்தனை நாளில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். உதடு போனால் பேச்சு குழறும், பிழைப்பே போச்சு. ஆனால் வாயே திறக்காத வாரங்களில் மட்டும் வகுப்பில் என்ன கிழித்தேன்? "ரொம்பத் தொல்லை கொடுக்கிற வலது பக்கத்தை முதல்ல எடுங்க. உதடு தப்பிச்சா இடதைப் பார்க்கலாம்" என்றேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினால், கூடத்தில் மாமியார். என்னைப் பார்க்க வந்த அம்மாவும் பக்கத்திலேயே. இருவரும் ஒரே குரலில், "யாரைக் கேட்டுப் பிடுங்கினே?"

பஞ்சை எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தேன். "வலிச்சவளைக் கேட்டு!"

டாக்டர் போட்ட ஊசியில் உதடு மரத்திருந்ததால் குழறித்தான் வந்தது. ஆனாலும் புரிந்துவிட்டது. "பாருங்க சம்பந்தி, நீங்க வளர்த்த லட்சணத்தை" என்றார் மாமியார். "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. இங்க வந்துதான் கத்துக்கிட்டா" என்றாள் அம்மா. பிடித்துக்கொண்டது சண்டை.

என் வாயிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துணி எடுத்துக் கொடுக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.